புழுதிக்காற்றுக்குக் கட்டிய துணி

வைகறைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பும் மாலம் ஹாலிரு, வீட்டுக்குள் நுழையுமுன் வேப்பமரத்தடியில் நிற்கும் தம் பழைய பெஜோ காரின் முன் இன்னொரு முறை மண்டியிடுவார். முதல் நாள் மாலை காருக்கு அடியில் விரித்து வைத்த அட்டையை விரல் நுனியால் பற்றி வெளியே இழுப்பார். கருத்த வட்டங்கள் அதில் படிந்திருக்கும். முன்சக்கரங்களுக்கு நடுவே இருந்த கறை மறுநாள் பின்னே தள்ளியிருக்கும்; அதற்கடுத்த நாள் இரண்டாகப் பிரிந்திருக்கும். மணலில் கோடு கீறிக் குறி பார்ப்பவன் போல அவற்றை நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, அட்டையைத் திருப்பிப் போட்டு எழுவார்.

அன்று அவரால் எழ முடியவில்லை. கறையைப் பார்க்கப் பார்க்க, இரு வெள்ளிக்கு முன் தாம் சொன்ன ஒரு சொல் மீண்டும் மீண்டும் காதில் ஒலித்தது.

பௌச்சி நகரத்துக் குடிநீர் நிலையத்தில் பம்பு பார்க்கும் அவருடைய மூத்த மகன் வெள்ளிதோறும் நண்பகல் தொழுகைக்குப் பின் தொலைபேசியில் அழைப்பான். ஸலாம் சொல்வான். உடம்பு எப்படி, குளிர் எப்படி, களைப்பு எப்படி என்று வரிசை பிறழாமல் விசாரிப்பான். இவரும் வரிசை பிறழாமல் இறைவனுக்கு நன்றி சொல்வார். அதற்குமேல் இருவரிடமும் சொல் இராது. சற்று நேரம் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும். பின் இணைப்பு அறும். இரு வெள்ளிக்கு முன் மட்டும் அந்த மௌனத்தினூடே மகன் கேட்டான்: "பாபா, இந்தப் பக்கம் ஒரு தடவை வந்துட்டுப் போக முடியுமா?"

பிறந்தது முதல் அவன் தந்தையிடம் நேராகக் கேட்ட ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஹாலிரு திடுக்கிட்டார். நாவில் வந்ததைச் சொன்னார்: "வண்டி எண்ணெய் ஒழுகுதே."

"சரி பாபா" என்றான். அடுத்த வெள்ளி அழைப்பு வரவில்லை.

மூத்த பிள்ளையின் பெயரை வாயால் சொல்வதும், பிறர் முன் அவனைக் கொஞ்சுவதும் அவர் வாழும் ஜாரியா நகரில் மானமுள்ள தந்தை செய்யும் காரியமன்று. ஹாலிரு மானமுள்ளவர். பள்ளியில் அரபி கற்பித்து ஓய்ந்தவர்; 'மாலம்' என்றால் ஆசான். இறைவனின் தொண்ணூற்றொன்பது திருநாமங்களையும், நபிகள் பெருமானாரின் புகழ்ப்பெயர்களையும் இடறாமல் ஓதும் அந்த நா, தம் மகனை 'அவன்' என்பதற்கு அப்பால் அறிந்ததில்லை. வீட்டில் அதனால் ஒரு குறையும் நேர்ந்ததில்லை. மனைவி இன்னா இருந்தாள். பிள்ளைகளும் அண்டை அயலாரும் இவரும் அவளை அப்படித்தான் அழைத்தார்கள். மகன் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்வான்; அவள் இரவு உணவின்போது இவரிடம் சொல்வாள். இவர் சொல்ல வேண்டியது காலையில் கூழோடு அவனைச் சேரும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் இன்னா இறையடி சேர்ந்தாள். அடக்கம் முடிந்த பிறகே மகனால் வந்து சேர முடிந்தது. துக்கத்துக்கு வந்தோர் நடுவே தலை கவிழ்ந்திருந்தான், தந்தையும் தலை கவிழ்ந்திருந்தார், பிறகு போய்விட்டான்.

தெருமுனையில் கூழ்க்காரி தலாத்து அடுப்பூதிக்கொண்டிருந்தாள். கம்பங்கூழை மொண்டு, காராமணி வடையைத் தாளில் சுற்றியபடி கேட்டாள்: "இன்னைக்கும் ஒருத்தருக்குத்தானா மாலம்?"

"ஒருத்தருக்குத்தான்."

"பாதியாவது குடிங்க. நேத்து உங்க வீட்டு வாசல்ல ஆடு குடிச்சுக்கிட்டிருந்துச்சு."

அவர் அன்று பாதி குடித்தார். பிறகு காரைக் கிளப்பிக் கச்சல்லாவின் மாமரத்தடிக்கு ஓட்டினார்.

கச்சல்லா மெக்கானிக். போர்னோ நாட்டிலிருந்து வந்து ஜாரியாவில் வேர்பிடித்த பெரிபெரி குலத்தான். ஹாலிருவோ மாடு மேய்த்து இடம் மாறும் ஃபுலானி குலம். இவ்விரு குலத்தாரும் ஒருவரையொருவர் அடிமை என்று அழைத்துப் பரிகசிப்பது முன்னோர் விட்டுச்சென்ற உரிமை. அதற்குச் சினங்கொள்பவனே நகைப்புக்கு ஆளாவான். நாள் முழுதும் ஊமையாய்க் கிடக்கும் ஹாலிரு வாய்விட்டுப் பேசும் இடம் அந்த மாமரத்தடி ஒன்றே.

"வந்துட்டாரா என் அடிமை!" என்று காருக்கடியிலிருந்து தலையை நீட்டினான் கச்சல்லா. "எசமானைப் பாக்க வர்றப்ப கையை வீசிக்கிட்டா வர்றது? கோலாக்கொட்டை எங்க?"

"உன் பாட்டனை என் பாட்டன் சந்தையில வாங்கவே இல்ல. ஆடு வாங்கினதுக்கு இனாமாக் குடுத்தாங்க. இனாமா வந்த சரக்குக்குக் கோலா வேற கேக்குதா?"

"ஆட்டுக்குப் பக்கத்துலேயே உங்க பாட்டனையும் கட்டியிருந்தாங்களாமே! அவரை இனாமாக்கூட யாரும் வாங்கலையாம்." எழுந்து கையைத் துடைத்தான். காருக்கடியில் குனிந்து பார்த்ததும் முகம் வாடிற்று. "மறுபடியுமா?"

மறுபடியும்தான். முதலில் எஞ்சின் அடித்தட்டின் கேஸ்கெட்டை மாற்றினான். ஒழுக்கு பின்பக்கம் போயிற்று. கியர்பெட்டியை இறக்கிப் பின்பக்கத்து 'சீல்' வளையத்தை மாற்றினான், முன்பக்கம் வந்தது. முன்பக்கத்தை அடைத்தான், மேல்மூடியின் விளிம்பில் கசிந்தது. ஒவ்வொரு முறையும் முடிந்தது என்று மார் தட்டினான். ஒவ்வொரு முறையும் அட்டை அவனைப் பொய்யனாக்கிற்று.

"இது காரில்ல மாலம், சுத்தமான ஃபுலானி. ஒரு எடத்துல வேலி போட்டா மாட்டை ஓட்டிக்கிட்டு அடுத்த எடத்துக்குப் போயிடுது."

ஹாலிரு சிரிக்கவில்லை. "கச்சல்லா, பௌச்சி வரைக்கும் போற மாதிரிப் பண்ணிக் குடு."

கச்சல்லா அவர் முகத்தைப் பார்த்தான். பரிகாசத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான். "பௌச்சியா? ஜோஸ் மலை ஏறணுமே. இந்த ஒழுக்கோட போனா பாதி மலையில எஞ்சின் காஞ்சு இறுகிடும். இங்கேயே நிக்கட்டும். இன்னைக்கு இதை விடறதில்ல."

எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவினான். தூரிகையால் இடுக்கெல்லாம் தேய்த்தான், துணியால் ஒற்றினான். வெயிலில் உலர்ந்ததும், குழந்தைக்குப் பூசும் பவுடரை ஊதி ஊதி மேலிருந்து கீழாகப் படரவிட்டான். கரிய எஞ்சின் வெள்ளாடை உடுத்த புனிதப் பயணி போல் நின்றது. எண்ணெய் எங்கே பிறக்கிறதோ அங்கே வெண்மை கறுக்கும், அதுவே கணக்கு.

எஞ்சினை ஓடவிட்டார்கள். சிறிது நேரத்தில் மேல்மூடியின் ஓரத்தில் ஒரு துளி கருத்தது. கச்சல்லா "ஆ!" என்றான். முன்பக்கத்துக் கப்பியின் பின்னே இன்னொன்று கருத்தது. எண்ணெய் அளவுக் கம்பியின் அடியில் மற்றொன்று. நோயுற்றவன் நெற்றியில் வியர்வை அரும்புவது போல் எங்கெங்கோ துளிர்த்தன. கச்சல்லா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துலயா? நான் போட்ட புது சீல்லகூடவா?"

அப்போது அவனுடைய தொலைபேசி அலறிற்று. எங்கோ நடுவழியில் நின்றுபோன லாரிக்காரன். கச்சல்லா அவனோடு கத்திக்கொண்டே சாலைப்பக்கம் போனான். ஓடும் எஞ்சினும் ஹாலிருவும் தனித்திருந்தார்கள்.

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தன் இடத்திலிருந்து விரற்கடை மேலே எழும்பி நிற்பதை அவர் கண்டார். அழுத்தி உள்ளே தள்ளினார். கையை எடுத்ததும் மெல்ல மெல்ல மேலே வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி வந்தது. உள்ளிருந்து எதுவோ அதைத் தள்ளுகிறது. அருகே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி தெரிந்தது. மேலங்கியின் நுனியால் அதைப் பற்றித் திருகினார்.

மூடி கையோடு துள்ளிற்று. வெப்பமும் புகையும் கலந்த நெடிய பெருமூச்சு ஒன்று அவர் முகத்தில் மோதிற்று. தாடியெல்லாம் எண்ணெய் வாடை. இருமிக்கொண்டே பார்த்தார். கம்பி தானே கீழிறங்கி அமர்ந்தது. மேல்மூடி ஓரத்துத் துளி வளரவில்லை. மற்றவையும் வளரவில்லை.

"கச்சல்லா! இங்க வா! எசமான் கூப்பிடறேன்!"

கச்சல்லா ஓடி வந்தான். மூடியை வைத்தான், எடுத்தான், வைத்தான். கம்பி எழுந்து எழுந்து அமர்ந்தது. அவன் ஒரு வசையைத் தொடங்கி, பெரியவர் முன் என்பதால் பாதியில் விழுங்கினான். எண்ணெய் ஊற்றும் குழாயின் கழுத்திலிருந்து தடித்த ரப்பர் குழாய் ஒன்று பிரிகிறது. எஞ்சினுக்குள் சேரும் ஆவி அதன் வழியே வெளியேறிக் காற்று வடிகட்டிக்குப் போக வேண்டும். இங்கே அது வடிகட்டியைச் சேராமல் பாதியில் வெட்டுண்டு, பேட்டரியின் பின்னே வளைந்து, கறுத்த குமிழ் ஒன்றில் முடிந்திருந்தது. அவன் அதைக் கத்தியால் கீறினான்.

"துணி மாலம், துணி! எத்தனை தடவை இதைப் பாத்திருக்கேன்! ரப்பர் மூடின்னு நெனச்சுட்டேன். குழாய் வெடிச்சுப் போயிருக்கு. வெடிச்சதை வெட்டிட்டு, குளிர்காலத்துப் புழுதி உள்ள போகாம இருக்க வாயில துணி கட்டியிருக்காங்க. புழுதியும் எண்ணெய்யும் ஊறிக் கல்லாயிடுச்சு. உள்ள இருக்கிற மூச்சு எங்க போகும்? நான் ஒரு ஓட்டையை அடைச்சேன், அது இன்னொரு ஓட்டையைத் தேடிச்சு. அடைச்சு அடைச்சு நானே கெடுத்திருக்கேன்." சற்றே பொறுத்துக் கேட்டான்: "இது யாரு கட்டினது?"

"அவன்."

"எவன்?"

"பௌச்சியில இருக்கிறவன்."

கச்சல்லாவுக்குப் புரிந்தது. மற்றவனாயிருந்தால் அத்தோடு வாய் பொத்தியிருப்பான். பரிகாச உரிமையுள்ள குலத்தானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. "அவனுக்குப் பேரில்லையா? ஏழாம் நாள் கடா அறுத்து இமாமைக் கூட்டி வெச்சீங்களே, அது ஆட்டுக்கா வெச்ச பேரு? சொன்னா நாக்கு வெந்துடுமா?"

ஹாலிரு கீறிய குமிழைத் தொட்டுப் பார்த்தார். கச்சல்லாவே குரலைத் தாழ்த்தினான். "கட்டினவன் தப்பாக் கட்டல மாலம். மெல்லிசு துணி. ஒத்தை மடிப்பு. மூச்சு போகும், மண்ணு வராது. வருஷா வருஷம் மாத்தணும், அவ்வளவுதான். உங்ககிட்ட சொல்லலையா?"

"என்கிட்ட யாரும் சொல்லல."

குளிர்காற்றின் ஹுந்தூரு மாதங்கள் தொடங்கும்போது மகன் ஆண்டுதோறும் வருவான். வந்ததும் பெஜோவின் முகப்பைத் தூக்கி எதையோ செய்வான். இவர் முன்கட்டுப் பாயில் அமர்ந்து, பாராதவர் போல் அதைப் பார்த்திருப்பார். தாயிடம் எதையோ கேட்டு வாங்கிக்கொண்டு போவான். சென்ற ஹுந்தூருக்கு அவன் வரவில்லை. இன்னா இல்லாத வீட்டில் யாரிடம் போய் நிற்பான்?

கச்சல்லா அந்தக் கருங்கட்டியைப் பெட்ரோலில் ஊறவிட்டு, உடைந்த கேஸ்கெட்டுகளை மீண்டும் மாற்றத் தொடங்கினான். மாலையில் துணி இளகிற்று. அலசப் பழுப்பு போயிற்று, நீலம் வந்தது, நீலத்தில் மஞ்சள் இலைகள் வந்தன. ஹாலிரு அதைக் கையில் வாங்கி, கேட்கவும் செய்யாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு மாலம்? கந்தல்."

"இருக்கட்டும்."

"புதுக் குழாய் கானோவிலிருந்து வரணும். அதுவரைக்கும் என் பனியன்ல ஒரு கிழிசல் கட்டியிருக்கேன். எசமானோட பனியன், பாத்துக் கொண்டுபோங்க."

வீட்டுக்கு வந்து இன்னாவின் தகரப்பெட்டியைத் திறந்தார். அவள் போனபின் அதை அவர் தொட்டதில்லை. மடிப்புக் கலையாத ஆடைகளின் நடுவே நீலத் தலைத்துணி இருந்தது, மஞ்சள் இலைகள். அதன் ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகத் துணி கிழிக்கப்பட்டிருந்தது. விழாவுக்குக் கட்டும் தலைத்துணி அது. மகன் கேட்டபோதெல்லாம் அதையே கிழித்துக் கொடுத்திருக்கிறாள். ஏன் அதை, வேறு கந்தல் இல்லையா என்று கேட்க அவள் இல்லை.

மறுநாள் விடியலில் அட்டையை இழுத்தார். ஒரு துளியும் இல்லை.

உலர்ந்த அந்த அட்டையைப் பார்த்து அவருக்கு மகிழ்ச்சி பிறக்கவில்லை. அச்சமே பிறந்தது. ஒழுகும் காருள்ளவன் வீட்டிலிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லார். ஒழுகாத காரை என் செய்வது? வெயில் ஏறும்வரை படியில் அமர்ந்திருந்தார். தலாத்து தானே கூழைக் கொண்டுவந்து வைத்தாள். கச்சல்லா வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"எண்ணெய் நின்னுடுச்சு. அடுத்த சாக்கு என்ன மாலம்? டயரா?"

அவர் எழுந்தார். நீலத் தலைத்துணியை மடித்து மேலங்கிக்குள் செருகிக்கொண்டார்.

பம்பெகுவா ஊரைத் தாண்டும்வரை வழக்கம்போல் நபிகளின் புகழ்ப்பாக்களை ஓதியபடியே ஓட்டினார். வெளுத்த புழுதி வானையும் நிலத்தையும் ஒன்றாக்கியிருந்தது; எதிரே வரும் லாரிகள் விளக்கு மட்டுமாய் வந்தன. ஓதிக்கொண்டிருந்தவர் ஓரடிக்கும் மறு அடிக்கும் இடையில் நின்றார். பின் மிக மெதுவாகச் சொன்னார்:

"ஷுஐபு."

உடனே பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. காது மடல் சுட்டது. இறைத்தூதர் ஒருவரின் பெயர் அது. எத்தனை முறை வேதம் ஓதுகையில் உச்சரித்திருப்பார்! பெற்ற மகனின் பெயராக அதைச் சொன்னதில்லை. வழியில் சாமினாக்காவில் இறங்கிக் காருக்கடியில் குனிந்தார்; உலர்ந்திருந்தது. மலையேற்றத்தில் எஞ்சின் முனகிற்று, மூச்சுத் திணறவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை அந்தப் பெயரைச் சொன்னார். கேட்க ஆளில்லாத இடத்தில் அது எளிதாயிருந்தது.

பௌச்சியில் குடிநீர் நிலையத்தை அடுத்த சிறு வீடு. எஞ்சின் ஓசை கேட்டு வெளியே வந்த மகன், காரைக் கண்டு அப்படியே நின்றான். பிறகு ஓடிவந்து தூரத்திலேயே குந்தி, கண்ணைத் தாழ்த்தி ஸலாம் சொன்னான். உடம்பு எப்படி, வழி எப்படி, களைப்பு எப்படி. இறைவனுக்கு நன்றி, நன்றி, நன்றி.

வீட்டுக்குள் மருமகளின் குரல் இல்லை. அவனே பாய் விரித்தான். அவனே தண்ணீர் கொண்டுவந்தான். கடையில் வாங்கிய சோளக்களி, பொட்டலத்தோடு தட்டுக்கு வந்தது. மூலையில் அடுப்பு சாம்பலின்றித் துடைத்துக் கிடந்தது.

"அவங்க... அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க பாபா" என்றான் தரையைப் பார்த்து.

முதற்பேற்றுக்குப் பெண்கள் தாய்வீடு செல்வார்கள். மூத்த மகன் தன் முதற்பிள்ளையைப் பற்றித் தந்தையிடம் பேச மாட்டான். தந்தையும் கேட்க மாட்டார். வீட்டு மாதர்வழியே வரவேண்டிய செய்தி, வர ஆளின்றி, துடைத்த அடுப்பாக அவர்முன் இருந்தது.

"அல்லாஹ் நல்லபடியா முடிச்சு வைக்கட்டும்."

"ஆமீன்." பிறகு, கேட்கப்படாத கேள்விக்கு விடையாக: "அன்னைக்குப் போன்ல... ஒண்ணுமில்ல பாபா. சும்மாதான் கேட்டேன். வீடு சத்தமில்லாம இருந்துச்சு."

ஹாலிரு தலையசைத்தார். அந்தச் சத்தமின்மை அவர் அறியாததன்று.

வெயில் தாழ்ந்தபோது மகன் காரைச் சுற்றி வந்தான். அடியில் குனிந்து பார்த்தான். முகப்பைத் தூக்கினான். கை தானாகப் பேட்டரியின் பின்னே போயிற்று. கச்சல்லாவின் பனியன் கிழிசலைத் தொட்டு நின்றது.

"நான் கட்டின துணி எங்க பாபா?"

"கல்லாப் போயிடுச்சு. அடைச்சுக்கிச்சு. அதனாலதான் எண்ணெய் ஒழுகியிருக்கு."

"வருஷா வருஷம் மாத்தணும், நான் வராட்டி உங்களை மாத்தச் சொல்லுங்கன்னு இன்னாகிட்ட சொல்லியிருந்தேனே." சொல்லி முடிக்குமுன் அவனுக்கே விளங்கிற்று. அவன் மனத்துக்குள் கணக்கு ஓடுவதைத் தந்தை பார்த்தார். அவள் சொல்லவேண்டிய குளிர்காலம் வருமுன் அவள் போய்விட்டாள்.

ஹாலிரு மேலங்கிக்குள்ளிருந்து நீலத் துணியை எடுத்து எஞ்சின்மேல் வைத்தார். மஞ்சள் இலைகளைக் கண்டதும் மகனின் கை துணிமேல் அசையாது கிடந்தது. மலைவளைவுகளில் எளிதாய் வந்த சொல் இங்கே எளிதாயில்லை. அவர் இருமினார். காரின் முன்விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இனிமே எதுன்னாலும் என்கிட்டயே சொல்லு, ஷுஐபு."

மகன் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. பிறகு துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு பட்டை கிழித்தான். கச்சல்லாவின் முடிச்சை அவிழ்த்தெறிந்தான்.

"ஒத்தை மடிப்புதான் பாபா. ரொம்ப இறுக்கக் கூடாது. இங்க விரலை வெச்சு, இப்படி. அடுத்த குளிருக்கு முன்னாடி மாத்திடணும்."

"எனக்குக் கை நடுங்குது. நீ வந்து கட்டு."

"வரேன் பாபா."

ஆளுக்கொரு பக்கமாக நின்று, சூடு ஆறிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தபடியே இருந்தார்கள். பம்பு நிலையத்தின் பக்கமிருந்து புழுதி மெல்ல வந்து, திறந்த முகப்பின்மீதும் அவர்கள் தோள்களின்மீதும் ஒன்றுபோலப் படிந்தது.